அறுபத்தாறு மணிகள்
பத்தாம் வகுப்பு ‘ஆ’ பிரிவு மாணவி

“ஐயோ! விமானத்தைக் காணோமே!”

அம்மாவின் குரல் கேட்டு நாங்கள் எல்லோரும் கூடத்துக்கு ஓடி வந்தோம். சென்ற ஆகஸ்ட் மாதத்தில் ஓர் இரவு அது. மணி பத்தடிக்கச் சில நிமிடங்களே இருந்தன. செவிலியர் பட்டப்படிப்பை முடித்த என் அக்கா, மேற்படிப்புக்காகக் கனடாவுக்குப் புறப்பட்ட நாள். விடியற்காலையில் சென்னையில் விமானம் ஏறியவள் லண்டனில் இறங்கி, அங்கே வேறு விமானம் மாறி டொரான்டோ நகருக்குப் போய்க்கொண்டிருந்தாள். அதற்கு முன் அவள் தனியாகப் போன மிக நீண்ட பயணம் வேளாங்கண்ணிக்குப் பேருந்தில் போனதுதான். அதிலும் பக்கத்து வீட்டு மாமி துணைக்குப் போயிருந்தார்!

விமானங்கள் எங்கே பறக்கின்றன என்று காட்டும் செயலி ஒன்றை அப்பா கைப்பேசியில் இறக்கிக் கொடுத்திருந்தார். அதில் சின்னஞ்சிறு மஞ்சள் விமானம் ஒன்று வரைபடத்தின்மேல் எறும்பு போல ஊர்ந்துகொண்டிருந்தது. அதுதான் அக்கா. மாலை ஏழரை மணியிலிருந்து அம்மா அதையே பார்த்துக்கொண்டிருந்தார். சாப்பாட்டுத் தட்டின் பக்கத்திலும் கைப்பேசிதான். அயர்லாந்து நாட்டைத் தாண்டியது, நீலக் கடலின்மேல் கொஞ்ச தூரம் போயிற்று, பிறகு மறைந்துவிட்டது. அணைத்துத் திறந்து பார்த்தோம். கடல் மட்டும்தான் இருந்தது.

பாட்டி ஒன்றும் பேசாமல் செபமாலையை எடுத்துக்கொண்டு மூலைக்குப் போய்விட்டார். அம்மாவின் கண்கள் கலங்கிவிட்டன. “அப்பா, நீங்களாவது கொஞ்சம் பாருங்களேன்” என்று தாத்தாவிடம் கைப்பேசியை நீட்டினார்.

என் தாத்தாவைப் பற்றி இங்கே சொல்லியாக வேண்டும். அவருக்கு வயது 78. மீனம்பாக்கம் விமான நிலையத்தில் வானொலித் தொடர்புப் பிரிவில் முப்பத்தைந்து ஆண்டுகளுக்கு மேல் பணியாற்றி ஓய்வு பெற்றவர். ‘ஏதோ ரேடியோவில் வேலை பார்த்தார்’ என்பதற்கு மேல் எனக்கு அதுவரை ஒன்றும் தெரியாது. சிறு வயதில், தாத்தா ரேடியோவில் பாட்டுப் போடுகிறவர் என்று என் தோழியரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்!

தாத்தா கைப்பேசியை வாங்கவில்லை. மூக்குக்கண்ணாடியைத் தேடி எடுத்தார். நாட்காட்டியிலிருந்து பழைய தாள் ஒன்றைக் கிழித்து, அதன் பின்புறத்தில் பென்சிலால் நான்கு கோடுகள் கிழித்தார். “உனக்குத் தெரியவில்லை என்றால் யாருக்குமே தெரியவில்லை என்று அர்த்தமா அம்மா?” என்றார் மெதுவாக. “லண்டனில் எத்தனை மணிக்குக் கிளம்பியது? அதைச் சொல்லு.”

பிறகு அவர் செய்ததை நான் பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். அட்லாண்டிக் கடலின்மேல் தீர்க்கரேகைகள் ஓடுகின்றன அல்லவா? 20 டிகிரி மேற்கு, 30, 40, 50 என்று நான்கு வரிகள் எழுதினார். ஒவ்வொன்றுக்கும் எதிரே ஒரு நேரம். அந்த இடத்தில் பத்து டிகிரி என்பது 600 முதல் 700 கி.மீ. வரை வருமாம். பறப்பதற்கு ஏறக்குறைய முக்கால் மணி நேரம். “20 கடந்தாயிற்று. 30 டிகிரியில் பாதிக்கடல். அதுவரை அயர்லாந்து, இங்கிலாந்துப் பக்கத்தார் பொறுப்பு. அப்புறம் கனடாக்காரர்கள் எடுத்துக்கொள்வார்கள். 50 டிகிரியை பன்னிரண்டு மணிக்குக் கொஞ்சம் முன்னால் தாண்டுவாள். அதற்கப்புறம் உன் கைப்பேசியில் தெரிவாள்” என்றார்.

“கடல் நடுவில் போகும்போது யாரும் பார்க்கமாட்டார்களா தாத்தா? ராடார் இருக்கிறதே?” என்று நான் கேட்டேன்.

தாத்தா சிரித்தார். “ராடார் நேர்கோட்டில்தான் பார்க்கும் கண்ணு. பூமி உருண்டை.”

அவ்வளவுதான் சொன்னார். ஆனால் அது எனக்குப் புரிந்தது. நடுத்தெருவில் நிற்கிற நாம் தெருமுனை வளைவுக்கு அப்பால் வருகிற சைக்கிளைப் பார்க்க முடியாது அல்லவா? அதைப் போல, 35,000 அடி உயரத்தில் பறக்கிற விமானம்கூடக் கரையிலிருந்து ஏறக்குறைய 400 கி.மீ. போனதும் பூமியின் வளைவுக்குக் கீழே இறங்கிவிடுகிறது. அயர்லாந்துக்கும் கனடாவின் நியூஃபவுண்ட்லாந்துக்கும் இடையே கடல் மட்டும் ஏறக்குறைய 3,000 கி.மீ. இரு கரைகளிலும் ராடார் வைத்தாலும் நடுவில் பெரும்பகுதி இருட்டுத்தான். கடலில் கம்பம் நட்டு ராடார் வைக்க முடியாதே!

“அப்படியானால் உங்கள் காலத்தில் என்ன செய்தீர்கள்?”

“கேட்டோம்.”

தாத்தா காலத்தில் வங்காள விரிகுடாவின்மேல் பறக்கிற விமானி, குறிப்பிட்ட இடங்களைத் தாண்டும்போதெல்லாம் சிற்றலை வானொலியில் கூப்பிடுவாராம். ‘மெட்ராஸ் ரேடியோ’ என்று அழைத்து, தன் பெயர், இடம், நேரம், உயரம், அடுத்த இடத்துக்கு எப்போது போய்ச்சேருவேன் என்று ஒரே மூச்சில் சொல்லுவார். தாத்தா எழுதிக்கொண்டு திருப்பிச் சொல்லுவார். சிற்றலை வளிமண்டலத்தின் மேலடுக்கில் பட்டுத் திரும்பி வருவதால் ஆயிரக்கணக்கான கி.மீ. போகும். ஆனால் கூடவே இரைச்சலும் வரும். “கடுகு தாளிக்கிற சத்தத்துக்கு நடுவில் ஒருத்தன் பேசுகிற மாதிரி” என்றார் தாத்தா. அவர் எழுதிய குறிப்பு கட்டுப்பாட்டு அதிகாரியின் மேசைக்குப் போகும். அங்கே ஒவ்வொரு விமானத்துக்கும் ஒரு காகிதச் சீட்டு. இரண்டு விமானங்கள் ஒரே உயரத்தில் ஒன்றன்பின் ஒன்றாகப் பறந்தால் அவற்றுக்கிடையே பத்து நிமிடம், பதினைந்து நிமிடம் என்று இடைவெளி விட்டுத்தான் அனுப்புவார்கள். எங்கே இருக்கிறது என்று கண்ணால் பார்க்க முடியாத இரண்டு விமானங்களை வேறு எப்படி நம்பி அருகருகே விடுவது?

அம்மா கைப்பேசியைக் கீழே வைத்துவிட்டார். எங்கள் எல்லோருடைய கவனமும் தாத்தாவின்மேல் திரும்பியிருந்தது. அப்போதுதான் அவர் அந்தக் கதையைச் சொன்னார்.

1980-களின் இறுதியில், வடகிழக்குப் பருவமழைக் காலத்து இரவு. கடலில் எங்கும் மின்னல். வானொலியில் ஒரே இரைச்சல். கிழக்கிலிருந்து சென்னைக்கு வந்துகொண்டிருந்த ஒரு விமானம், சொல்ல வேண்டிய நேரத்தில் தன் இடத்தைச் சொல்லவில்லை. தாத்தா கூப்பிட்டார். பதில் இல்லை. வேறு அலைவரிசையில் கூப்பிட்டார். பத்து நிமிடம் ஆயிற்று; இருபது நிமிடம் ஆயிற்று. குறித்த நேரத்துக்குப் பின் 30 நிமிடம் வரை செய்தி வராவிட்டால் அதற்கு ‘நிச்சயமில்லாத நிலை’ என்று உலகெங்கும் ஒரே விதி இருக்கிறது. அதற்குப் பிறகு ‘எச்சரிக்கை நிலை’. அதற்கும் பிறகு ‘ஆபத்து நிலை’. பணியில் இருந்த அதிகாரி தொலைபேசியின்மேல் கையை வைத்தபடி கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு நின்றாராம். இருபத்தாறாவது நிமிடத்தில், அந்த வழியாகப் போன இன்னொரு விமானத்தின் விமானி கூப்பிட்டார். காணாமற்போன விமானம் அவருடன் பேசிவிட்டது. அதன் செய்தியை அவர் தாத்தாவுக்கு எடுத்துச் சொன்னார். அவ்வளவுதான், ஒன்றும் நடக்கவில்லை. வானொலி அலை கரைக்கு எட்டவில்லை, வேறொன்றுமில்லை.

“அந்த 26 நிமிஷமும் அந்த விமானம் நன்றாகத்தான் பறந்துகொண்டிருந்தது. பயணிகள் தூங்கிக்கொண்டிருந்திருப்பார்கள். எங்களுக்குத்தான் அது இல்லாமல் போயிருந்தது” என்றார் தாத்தா. அன்றிரவு வீட்டுக்கு வந்து சாப்பிடாமல் படுத்துவிட்டதாகப் பாட்டி மூலையிலிருந்து சொன்னார். இத்தனை ஆண்டுகளுக்குப் பிறகும் அவருக்கு அது நினைவிருக்கிறது.

பன்னிரண்டு மணிக்கு இரண்டு நிமிடம் இருக்கும்போது கைப்பேசியில் மஞ்சள் விமானம் மீண்டும் தோன்றியது. அம்மா “இதோ! இதோ!” என்று கத்தியதில் மாடி வீட்டுக்காரர்கள் விளக்கைப் போட்டுவிட்டார்கள். தாத்தா எழுதியிருந்தது 11.50. “எட்டு நிமிஷம் தாமதம். எதிர்க்காற்று” என்று முணுமுணுத்துக்கொண்டே பென்சிலால் ஒரு குறி போட்டுவிட்டுப் படுக்கப் போனார்.

அக்கா நலமாகப் போய்ச் சேர்ந்தாள். ஆனால் எனக்குத் தூக்கம் வரவில்லை. தாத்தா காலத்துக் கதை சரி; இன்று என்ன? நடுக்கடலில் என் அக்காவை அன்று யாராவது பார்த்துக்கொண்டிருந்தார்களா, இல்லையா? மறுநாள் தாத்தாவைக் கேட்டபோது, “நான் ஓய்வு பெற்ற பிறகு என்னவெல்லாமோ வந்துவிட்டது. நீதான் படித்து எனக்குச் சொல்லணும்” என்றார்.

இந்த இடத்தில் ஓர் உண்மையை ஒப்புக்கொள்கிறேன். நான் ஒன்பதாம் வகுப்பில் படித்தபோது, நம் பள்ளி அறிவியல் கண்காட்சியில், ‘செயற்கைக்கோள்கள் விமானங்களைப் படம் பிடித்துக் கண்காணிக்கின்றன’ என்று பெரிய எழுத்தில் அட்டையில் எழுதி மாட்டியிருந்தேன். பார்த்தவர்கள் எல்லோரும் பாராட்டினார்கள். அது முழுவதும் தவறு! செயற்கைக்கோள் விமானத்தைப் பார்ப்பதில்லை. என் தாத்தா செய்ததைத்தான் அதுவும் செய்கிறது. அதுவும் கேட்கத்தான் கேட்கிறது.

நம் இயற்பியல் சிஸ்டர் தந்த நூல்களையும் கட்டுரைகளையும் படித்து நான் அறிந்துகொண்டதை என் தோழியர்க்குச் சொல்கிறேன். காலையில் டீச்சர் பெயர் கூப்பிட்டதும் நாம் ‘உள்ளேன் அம்மா’ என்கிறோம் அல்லவா? விமானத்திலும் ராடார் கூப்பிட்டால் பதில் சொல்லுகிற டிரான்ஸ்பாண்டர் என்ற கருவி உண்டு. இப்போதைய விமானங்களில் அது இன்னொன்றும் செய்கிறது. யாரும் கூப்பிடாமலே, ஜி.பி.எஸ். மூலம் தான் இருக்கும் இடத்தைக் கண்டுகொண்டு, ‘நான் இன்னார், இங்கே இருக்கிறேன், இந்த உயரம், இந்த வேகம்’ என்று விநாடிக்கு இரண்டு தடவை வீதம் சொல்லிக்கொண்டே போகிறது. கேட்பவர் இருக்கிறாரா என்றுகூடப் பார்ப்பதில்லை. இதற்கு ஏ.டி.எஸ்.-பி என்று பெயர். அம்மாவின் கைப்பேசியில் தெரிந்த மஞ்சள் விமானம் இதுதான். தரையில் ஆங்காங்கே ஆர்வலர்கள் தம் வீட்டு மாடியில் வைத்திருக்கும் சிறு அலைவாங்கிகள்கூட இதைக் கேட்டு அந்தச் செயலிக்கு அனுப்புகின்றன. கடல் நடுவில் வீடும் இல்லை, மாடியும் இல்லை. அதனால்தான் அக்கா மறைந்தாள்.

அப்படியானால் அந்த அலைவாங்கியை விண்ணில் வைத்தால்? இந்த எண்ணம் கேட்க எளிதாகத்தான் இருக்கிறது. விமானத்தின் குரலோ தரையிலுள்ளவர்களுக்காக அமைந்தது, சன்னமானது. அது விண்வெளிவரை கேட்குமா என்பதே சந்தேகம். 2013-ஆம் ஆண்டு மே மாதத்தில், ஐரோப்பியரின் புரோபா-வி என்ற சிறிய செயற்கைக்கோள் 820 கி.மீ. உயரத்திலிருந்து அதைக் கேட்டுக் காட்டியது. அடுத்த ஆண்டே, அது எவ்வளவு அவசியம் என்று உலகம் முழுவதும் உணரும்படியான துயரம் நிகழ்ந்தது.

2014 மார்ச் 8. கோலாலம்பூரிலிருந்து பீஜிங்குக்கு 239 பேருடன் புறப்பட்ட மலேசிய விமானம் எம்.எச். 370. நள்ளிரவு தாண்டி 1.21 மணிக்கு அதன் டிரான்ஸ்பாண்டர் குரல் நின்றது. வகுப்பில் பெயர் கூப்பிட்டும் பதில் இல்லாத நிலை. ஆனால் 36,000 கி.மீ. உயரத்தில் இருந்த இன்மார்சாட் செயற்கைக்கோள் ஒன்று ஏறக்குறைய மணிக்கு ஒருமுறை ‘இருக்கிறாயா?’ என்று கேட்டது. விமானத்தின் கருவி தானாகவே ‘இருக்கிறேன்’ என்று சொன்னது. எங்கே என்று சொல்லவில்லை. அந்தப் பதில் வந்துசேர எடுத்துக்கொண்ட நேரத்தை வைத்து, விமானம் செயற்கைக்கோளிலிருந்து எவ்வளவு தூரத்தில் இருந்திருக்கும் என்று பொறியாளர்கள் கணக்கிட்டு, பூமியின்மேல் வட்டவில்களாக வரைந்தார்கள். கடைசிப் பதில் காலை 8.19-க்கு. அந்தக் கடைசி வில்லையொட்டி, இந்தியப் பெருங்கடலின் தென்பகுதியில் 1,20,000 சதுர கி.மீ. கடலடியைத் தேடினார்கள். 2015 ஜூலையில் ரீயூனியன் தீவின் கரையில் இறக்கையின் ஒரு பகுதி ஒதுங்கியது. 2017 ஜனவரியில் தேடல் நிறுத்தப்பட்டபோது விமானம் கிடைத்திருக்கவில்லை. இதைப் படித்தபோது எனக்குத் தாத்தாவின் 26 நிமிடங்கள் நினைவுக்கு வந்தன. அந்த 239 பேரின் வீட்டாருக்கு இருபத்தேழாவது நிமிடம் வரவேயில்லை.

நம் கடலிலும் இது நடந்திருக்கிறது. 2016 ஜூலை 22-ஆம் நாள் தாம்பரத்திலிருந்து அன்றைய போர்ட் பிளேருக்கு 29 பேருடன் புறப்பட்ட நம் விமானப்படையின் ஏ.என்.-32 விமானம் வங்கக்கடலின்மேல் காணாமற்போயிற்று. கப்பல்களும் விமானங்களும் வாரக்கணக்கில் தேடின. ஏழரை ஆண்டுகளுக்குப் பிறகு, 2024 ஜனவரியில்தான், சென்னைக் கரையிலிருந்து ஏறக்குறைய 310 கி.மீ. தூரத்தில், 3,400 மீட்டர் ஆழத்தில் அதன் சிதைவுகள் தெரிந்தன. கண்டுபிடித்தது பள்ளிக்கரணையில் உள்ள தேசியக் கடல் தொழில்நுட்பக் கழகத்தின் ஆளில்லா நீர்மூழ்கிக் கலம். நாளிதழில் அந்தச் செய்தி வந்த காலையில் தாத்தா அதை மடித்து வைத்துவிட்டு வெகுநேரம் திண்ணையில் உட்கார்ந்திருந்தார். ஏன் என்று அப்போது எனக்குத் தெரியவில்லை.

தேடுவது ஏன் இவ்வளவு கடினம்? இதற்கு நம் பத்தாம் வகுப்புக் கணக்கே போதும். (கணக்கு டீச்சர் இதைப் படித்தால் மகிழ்வார் என்று நம்புகிறேன்!) விமானம் மணிக்கு 900 கி.மீ. வேகத்தில் பறக்கிறது என்று கொள்வோம். கடலின்மேல் பறக்கும் விமானங்கள் குறைந்தது 15 நிமிடத்துக்கு ஒருமுறையாவது எங்கே இருக்கின்றன என்று தெரிய வேண்டும் என்ற உலக விதி 2018 நவம்பரில் நடைமுறைக்கு வந்தது. 15 நிமிடத்தில் விமானம் 225 கி.மீ. போய்விடும். எந்தத் திசையிலும் போயிருக்கலாம் என்றால், 225 கி.மீ. ஆரமுள்ள வட்டத்துக்குள் எங்கும் இருக்கலாம். பரப்பு: 3.14 × 225 × 225. விடை ஏறக்குறைய 1,59,000 சதுர கி.மீ. தமிழ்நாடு முழுவதுமே 1,30,000 சதுர கி.மீ.தான்! தமிழ்நாட்டைவிடப் பெரிய கடலில் ஒரு விமானத்தை எங்கென்று தேடுவது? 2009 ஜூன் 1-ஆம் நாள் 228 பேருடன் அட்லாண்டிக்கில் வீழ்ந்த ஏர் பிரான்ஸ் 447 விமானம் பத்து நிமிடத்துக்கு ஒருமுறை தன் இடத்தைச் செயற்கைக்கோள் வழியாக அனுப்பிக்கொண்டுதான் இருந்தது. அப்படியும் அதன் உடலைக் கண்டுபிடிக்க 2011 ஏப்ரல் வரை ஆயிற்று.

இப்போது அந்த 15 நிமிடத்தை 8 விநாடியாக்கிப் பாருங்கள். 8 விநாடியில் விமானம் போவது 2 கி.மீ. வட்டத்தின் பரப்பு 12.56 சதுர கி.மீ. ஒரு சிறிய ஊரின் அளவு. இந்தக் கணக்கைப் போட்டு முடித்தபோது, நானே ஏதோ கண்டுபிடித்துவிட்டது போல எனக்குப் பெருமையாக இருந்தது.

அந்த 8 விநாடியை உண்மையாக்கியவை 66 செயற்கைக்கோள்கள். 2015 நவம்பரில் ஜெனீவாவில் கூடிய உலக வானொலி மாநாடு, விமானங்களின் இந்தக் குரலைச் செயற்கைக்கோள்கள் கேட்பதற்கென்று அலைவரிசையை ஒதுக்கித் தந்தது. 2017 ஜனவரி முதல் 2019 ஜனவரி வரை எட்டு ராக்கெட்டுகளில், மாற்றுக்கு வைத்திருப்பவற்றையும் சேர்த்து 75 இரிடியம் செயற்கைக்கோள்கள் அனுப்பப்பட்டன. தொலைபேசிச் சேவைக்காகப் போனவைதான் அவை. ஆனால் ஒவ்வொன்றின் மேலும் ஏரியான் என்ற நிறுவனத்தின் கேட்கும் கருவி ஒன்றும் சவாரி செய்தது. 2019-ஆம் ஆண்டிலிருந்து வட அட்லாண்டிக்கில் இங்கிலாந்து, கனடா நாட்டுக் கட்டுப்பாட்டு மையங்கள் இதைப் பயன்படுத்துகின்றன. அப்படியானால் அன்றிரவு அம்மாவின் கைப்பேசியில்தான் அக்கா இல்லை. அங்கே ஒரு மேசையின் முன் அமர்ந்திருந்தவருக்கு அவள் விமானம் தெரிந்துகொண்டுதான் இருந்தது. இதை அம்மாவிடம் சொன்னபோது, “அவர் யாரோ, நன்றாயிருக்கட்டும்” என்றார்.

விமானங்கள் தெரியத் தொடங்கியதால் இடைவெளியும் குறைந்தது. வட அட்லாண்டிக்கில் ஒன்றன்பின் ஒன்றாகப் போகும் விமானங்களுக்கு, நல்ல கருவிகள் இருந்தும், ஏறக்குறைய 40 கடல் மைல் விட வேண்டியிருந்தது. இப்போது 14 கடல் மைல் போதும். காற்றும் உயரமும் வசதியாக உள்ள பாதையை அதிக விமானங்களுக்குக் கொடுக்க முடிகிறது, எரிபொருளும் மிச்சம்.

இந்த ஆண்டு அறிவியல் கண்காட்சிக்கு இதையே மாதிரியாகச் செய்ய முடிவு செய்தேன். என் பழைய தவற்றைத் திருத்த வேண்டாமா? நூலகத்தில் இருந்த 30 செ.மீ. பூமி உருண்டையை சிஸ்டரிடம் கெஞ்சி வாங்கினேன். 66 செயற்கைக்கோள்களும் ஆறு பாதைகளில், பாதைக்குப் பதினொன்றாக, துருவங்களின் வழியே பூமியைச் சுற்றுகின்றன. மணி கோப்பதில் எங்கள் வீட்டில் வல்லவர் பாட்டி. பங்குக் கோயிலுக்குச் செபமாலைகள் செய்து கொடுப்பவர். அவரிடம் ஆறு சரங்கள் கேட்டேன். ஆசையோடு கோத்துக் கொடுத்தார். எண்ணிப் பார்த்தால் ஒவ்வொன்றிலும் பத்துப் பத்து மணிகள்! “பாட்டி, பதினொன்று” என்றேன். “ஐம்பது வருஷமாகப் பத்துத்தானே கோக்கிறேன், கை தானாக முடிச்சுப் போட்டுவிட்டது” என்று சொல்லி எல்லாவற்றையும் அவிழ்த்து மறுபடி கோத்தார்.

மணிகளை எவ்வளவு உயரத்தில் மாட்டுவது? அவை பூமியிலிருந்து 780 கி.மீ. உயரத்தில் சுற்றுகின்றன. நம் உருண்டையின் அளவில் கணக்கிட்டால் 2 செ.மீ.கூட இல்லை. எம்.எச். 370-க்குப் பதில் கேட்ட இன்மார்சாட்டை அதே அளவில் வைத்தால் 84 செ.மீ. தள்ளி வைக்க வேண்டும். அதைத் தாத்தாவின் கைத்தடியின் நுனியில் ஒட்டி நிறுத்தினேன். அப்போதுதான் எனக்கே விளங்கியது, சன்னக் குரலைக் கேட்பதற்கு ஏன் இத்தனை செயற்கைக்கோள்கள் இவ்வளவு கீழே தேவைப்படுகின்றன என்று. கீழே இருப்பதால் ஒவ்வொன்றுக்கும் தெரிகிற நிலப்பரப்பு சிறிது. வேகமும் அதிகம், நூறு நிமிடத்தில் பூமியைச் சுற்றிவிடுகின்றன. ஆகவே ஒன்று போனால் இன்னொன்று வந்தாக வேண்டும். நடுக்கடலில் கேட்ட செய்தியை எப்படி இறக்குகின்றன என்பதுதான் எனக்கு மிகவும் பிடித்தது. வகுப்பில் முதல் பெஞ்சிலிருந்து கடைசி பெஞ்சுவரை சீட்டு கை மாறிப் போகிறதே (சிஸ்டர் மன்னிக்கவும்), அது போல ஒரு செயற்கைக்கோள் பக்கத்திலுள்ள செயற்கைக்கோளுக்குக் கொடுத்து, கடைசியில் தரை நிலையம் இருக்கிற இடத்தில் இறக்கிவிடுகின்றன.

கண்காட்சி நாளன்று மதர் வந்து வெகுநேரம் பார்த்தார். லொரேத்தோ அன்னையை விமானிகளின் பாதுகாவலியாகத் திருத்தந்தை பதினைந்தாம் பெனடிக்ட் 1920-லேயே அறிவித்தார் என்று அவர் சொல்லித்தான் எனக்குத் தெரிந்தது. பாட்டியிடம் சொன்னேன். அன்றிலிருந்து அக்கா பேரில் ஒரு மன்றாட்டுக் கூடிவிட்டது.

ஆறாம் வகுப்புச் சிறுமி ஒருத்தி மட்டும் என்னைத் திணற வைத்துவிட்டாள். நான் எல்லாவற்றையும் மூச்சுவிடாமல் சொல்லி முடித்ததும், “விமானம் பேசவே இல்லை என்றால் அக்கா?” என்று கேட்டாள். நான் ஒரு நிமிடம் நின்றுவிட்டேன். பேசாவிட்டால் 66 மணிகளுக்கும் கேட்காது. எம்.எச். 370 காலத்தில் இவை இருந்திருந்தாலும், டிரான்ஸ்பாண்டர் ஓய்ந்த பிறகு எதுவும் கேட்டிருக்காது. கடைசியாகப் பேசிய இடம்வரைதான் தெரிந்திருக்கும். ஜி.பி.எஸ். அலையை வேண்டுமென்றே குழப்பிவிட்டால் விமானம் தன் இடத்தைத் தவறாகச் சொல்லும். செயற்கைக்கோள் அதையும் அப்படியே எழுதிக்கொள்ளும். இப்படி நடக்கும் என்பதால்தான், ஆபத்தில் சிக்கியதும் தானாகவே நிமிடத்துக்கு ஒருமுறை கூவுகிற கருவியைப் புதிய பெரிய விமானங்களில் வைக்க வேண்டும் என்று விதி செய்திருக்கிறார்கள். இவ்வளவையும் நான் அவளுக்குச் சொன்னேன். “அப்போ பேசணும்தான்” என்று சொல்லிவிட்டு அவள் பக்கத்து எரிமலை மாதிரியைப் பார்க்கப் போய்விட்டாள்.

மாலையில், கூட்டம் குறைந்த பிறகு தாத்தா வந்தார். கைத்தடி என்னிடம் இருந்ததால் அம்மாவின் தோளைப் பிடித்துக்கொண்டு நடந்து வந்தார். உருண்டையைச் சுற்றி ஒருமுறை நடந்தார். மூக்குக்கண்ணாடியை உயர்த்திச் சரங்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். நான் பாராட்டை எதிர்பார்த்து நின்றேன்.

“இதில் சிற்றலை ரேடியோ எங்கே?” என்றார்.

“அது பழைய காலம் தாத்தா.”

“யார் சொன்னது? இன்றைக்கும் கடல் தாண்டுகிற விமானத்தில் அது உண்டு. இதெல்லாம் கெட்டுப்போனால் அதில்தான் கூப்பிடுவான். மீனம்பாக்கத்தில் இப்போதும் ஒருத்தன் கேட்டுக்கொண்டிருப்பான்.”

பாட்டியின் டப்பாவில் ஒரு சிவப்பு மணி மிச்சமிருந்தது. உருண்டையில் சென்னை இருக்கும் இடத்தைத் தேடி, பசை தடவி ஒட்டினேன். தாத்தா குனிந்து பார்த்துவிட்டு, கொஞ்சம் தெற்கே தள்ளி ஒட்டச் சொன்னார்.